ஒருவரும் எழுதிவைக்காத வினைச்சொல்

பல்கலைக்கழக நடையோரத்து இந்த மர வாங்கில் சாய்ந்திருக்க முடியாது. சுவர் ஒரு சாண் தள்ளி நிற்கிறது, முதுகை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் இடுப்பு முன்னால் வழுக்கிவிடுகிறது, அதனால் நிமிர்ந்து இருக்கிறேன், நிமிர்ந்து இருந்தால் முழங்கால் நோகிறது, எழும்பி நின்றால் கதவு நீக்கலால் உள்ளே இருப்பவர்கள் என்னைக் காண்பார்கள். காலை நாலு மணிக்கு எழும்பி மூன்று ரயில் மாறி லைப்சிக் நகரத்துக்கு வந்த உடம்பு. முதியோர் இல்லத்துச் சமையலறையில் நேற்று இன்னொருத்தன் சுகமில்லை என்று வராததால் அவன் பங்கு வேலையையும் செய்த உடம்பு, விரல் நுனியில் கோப்பை கழுவும் மருந்து இன்னும் மணக்கிறது, நல்ல சேர்ட் போட்டும் மணக்கிறது. ஐம்பத்துமூன்று வயதுக்கு இவ்வளவு களைப்புக் கூடாது. உள்ளே என் மகள் ஆர்த்திகா தன் ஆய்வேட்டை முன்னால் வைத்துக்கொண்டு மூன்று பேராசிரியர்களுடைய கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஜூன் மாத வெக்கை, கதவை அரைவாசி திறந்து விட்டிருக்கிறார்கள். தொண்ணூற்றாறு பக்கம், எல்லாம் ஒரே ஒரு வினைச்சொல்லைப் பற்றி. காத்திரு என்ற சொல். எங்களுடைய காத்திரு இல்லை, ரஷ்யர், உக்ரேனியர், போலந்துக்காரர், செக்குகள் எல்லாரும் பிரிந்து போவதற்கு முன், ஆயிரத்தைந்நூறு வருடங்களுக்கு முன், ஒரே பாஷை பேசிய காலத்துச் சொல். செக்கத்தி. அதற்கு முன்னால் ஒரு சின்ன நட்சத்திரம் போட்டிருக்கிறாள். ஏன் பிள்ளை நட்சத்திரம் என்று கேட்டேன். அந்தச் சொல்லை ஒருவரும் எழுதிவைக்கேல்லை அப்பா, அந்தச் சனத்துக்கு அப்ப எழுத்தில்லை, பிறகு வந்த பாஷையளில இருக்கிற பிள்ளைச் சொல்லுகளைப் பாத்துத் தாய் இப்பிடித்தான் இருந்திருப்பாள் எண்டு ஊகிக்கிறது, ஊகிச்சதுக்கு நட்சத்திரம் போடவேணும் என்றாள். போட்டால் காணுமோ, அது போதுமோ என்று கேட்டேன். காணும் என்றாள். நேர்மையாகச் சொல்லிப்போட்டு ஊகிக்கலாம், அதுதான் விதி.

போன மாரிகாலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குசினி மேசையில் போனை ஒலிப்பதிவில் போட்டு என் முன்னால் வைத்தாள். பக்கத்தில் ஒரு வரைபடம். மொஸ்கோவில் ஒரு புள்ளி, கியேவில் ஒரு புள்ளி, பிறகு மேற்கே மலையோரம், சிலோவாக்கியா, செக் நாடு, ஜெர்மனி. நான் தொண்ணூற்றாறிலும் ஏழிலும் அகதியாக வந்த பாதை. உங்கட பாதையும் இந்தச் சொல்லின்ர பாதையும் ஒண்டுதான் அப்பா என்று சிரித்தாள். மொஸ்கோவில் காத்திரு என்பதற்கு வேறு சொல், அது எனக்கும் தெரியும், ஜ்தி ஜ்தி என்று விமான நிலையத்தில் எங்களை இருத்தி வைத்தார்கள். இவளுடைய சொல் உக்ரேனில் தொடங்குகிறது, செக்காத்தி. மலைக்கு அங்கால் சக்கத். அதற்கும் அங்கால் செக்கத். போலந்தில் அதே. தெற்கே பல்கேரியா வரைக்கும் பிள்ளைகள் இருக்கிறதாம். இதற்கும் முந்திய தாய் ஒருத்தி உண்டாம், சாயத்தி, எதிர்பார்ப்பது, நம்பியிருப்பது. ரஷ்யாவில் அவள் இப்போது கிழடாகி ஒரு மூலையில் கிடக்கிறாள், ஆனால் மனம் விட்டுப்போவதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல்லுக்குள் அவளைக் காணலாம், நம்பியிருப்பதிலிருந்து விலகிப்போவது என்றுதான் அந்தச் சொல்லைக் கட்டியிருக்கிறார்களாம். எல்லாரும் இதை ஒப்புக்கொள்வதில்லை, நிச்சயமில்லை என்று எழுதிவிட்டுப் போகும் அகராதிகளும் உண்டு என்றாள், ஆனால் அவளுக்குப் பிடித்த கட்சி இது. அதற்கும் முந்தி வெறுமனே பார்ப்பது என்று கருத்து இருந்திருக்கலாம் என்றாள். நான் யோசிக்காமல், எங்கட ஊரிலயும் அப்பிடித்தானே, உன்னைப் பாத்துக்கொண்டிருக்கிறன் எண்டால் காத்துக்கொண்டிருக்கிறன் எண்டுதானே கருத்து என்றேன். அவள் கதிரையை விட்டு எழும்பிவிட்டாள். அதை ஐம்பத்திரண்டாம் பக்கத்தில் போட்டிருக்கிறாள். அந்தச் சந்தோஷத்தோடுதான் அடுத்த கேள்வியைக் கேட்டாள், இந்தச் சொல்லை முதன்முதல் எங்க கேட்டனீங்கள் அப்பா, ஆர் சொன்னது? ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்தது. கியேவில வீட்டுக்காரி, தேத்தண்ணி கொதிக்கும்வரைக்கும் நில்லு எண்டு சொன்னவ என்றேன். அது இப்போது அடிக்குறிப்பு. தகவலாளர் கு., ஐம்பத்துமூன்று வயது, தாய்மொழி தமிழ்.

வீட்டுக்காரி இருந்தவதான், லுட்மீலா, அதில் பொய் இல்லை. ஒன்பதாவது மாடி, இரண்டு அறை, நாங்கள் ஒன்பது பேர், ஐந்து மாதம். சனிக்கிழமைகளில் கோவா இலை போட்ட சூப் கொண்டு வருவா. யன்னலோரம் போகக் கூடாது, தண்ணீர்க் குழாயை ஒரேயடியாகத் திறக்கக் கூடாது, ஒன்பது பேர் இருக்கிற சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்கக் கூடாது. ஒரு கம்பளிக்கு இரண்டு பேர். என்னுடைய கம்பளிக்குச் சத்தியசீலன். காரைநகர், சங்கக்கடையில் வேலை செய்தவன், என்னை விட ஐந்து வயது மூப்பு, ஆனால் பேர் சொல்லித்தான் கூப்பிட விட்டான். சீலன். இடது குதிக்காலில் தொண்ணூறாம் ஆண்டு அடித்த செல் குண்டின் துண்டு ஒன்று அப்படியே இருந்தது, குளிர் கூடினால் அந்தக் கால் வீங்கும், அதுக்கென்றே அளவு கூடின சப்பாத்து, மற்ற நாளில் அதற்குள் பேப்பரை மடித்து வைப்பான், அது வீங்க வீங்கப் பேப்பரைக் குறைப்பான். கையெழுத்துச் சரியில்லை என்று தமக்கைக்குப் போகும் கடிதங்களை என்னைக் கொண்டுதான் எழுதுவித்தான். தாய் செத்த பிறகு அவனை வளர்த்தவ அந்த அக்காதான், தையல்நாயகி. அவனுக்காகவே கலியாணம் கட்டாமல் இருந்தவ என்பதை அவன் சொல்லவில்லை, அவ எழுதும் கடிதங்களை அவனுக்கு வாசித்துக் காட்டி நானாக விளங்கிக்கொண்டேன். அவனைச் சாப்பிடச் சொல்லும், காலை நனையவிட வேண்டாம் எண்டு சொல்லும் என்று கடிதத்தின் கடைசியில் எனக்கும் இரண்டு வரி இருக்கும். ஏன் இதற்குள் இறங்கினேன். தண்ணீர் குடிக்க வேண்டும். போத்தல் வெறுமையாக இருக்கிறது. உள்ளே ஆர்த்தியின் குரல் கேட்கிறது, என்னோடு கதைக்கும்போது இல்லாத ஒரு குரல், நிதானமாக, ஒவ்வொரு வசனத்தையும் முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடங்குகிறாள். என் ஜெர்மன் சமையலறை ஜெர்மன். ஆனால் விளங்குகிறது.

இப்போது கதைப்பது வயதான பேராசிரியை, உள்ளே போகும்போது எனக்குக் கை தந்தவ. எண்பத்தேழாம் பக்கத்து அடிக்குறிப்பு என்கிறா. என் அடிக்குறிப்பு. அந்த வருடங்களில் கியேவ் நகரத்து மாடி வீடுகளில் எல்லாரும் ரஷ்ய மொழிதான் பேசினார்கள், லுட்மீலா என்ற வீட்டுக்காரி, வெளிநாட்டுக்காரன் ஒருவனை நிற்கச் சொல்வதென்றால் ரஷ்ய மொழியில் பதஜ்தி என்றுதான் சொல்லியிருப்பாள், உக்ரேனிய மொழியில் செக்காய் என்று சொல்லியிருக்க மாட்டாள், அது மேற்குப் பக்கத்தில், மலைப் பக்கத்தில் அவர் கேட்டிருக்கவேண்டிய சொல், உங்கள் தகவலாளர் இடத்தை மாற்றிச் சொல்கிறார் என்று நினைக்கிறேன், என்கிறா. குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. ஒரு பீங்கானில் வெடிப்பு இருக்கிறது என்று காட்டுவது போலத்தான் சொன்னா.  இருபத்தேழு வருடமாக ஒரு பொலிஸும், ஒரு நீதிபதியும், அகதி விசாரணைக்காரர் ஒருவரும் பிடிக்காத இடத்தை ஒரு மனுசி ஒரு வினைச்சொல்லை வைத்துப் பிடித்துவிட்டா. லுட்மீலா பதஜ்தி என்றுதான் சொன்னவ. கையில் கரண்டியோடு, பதஜ்தி, பதஜ்தி. ஆர்த்தி தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள், தகவலாளர் என் அப்பா. அந்தப் பயணத்தைப் பற்றி அவர் ஒன்றையும் மறக்கவில்லை. அவர் சொன்னால் அது அப்படித்தான் நடந்திருக்கும். கதிரை ஒன்று அரைபடும் சத்தம். யாரோ ஒரு ஆள் மெதுவாகச் சிரித்தார், நல்ல சிரிப்புத்தான்.

மறக்கவில்லை, அது உண்மை. மலை. உக்ரேனுக்கும் சிலோவாக்கியாவுக்கும் நடுவில், மேலே ஏற ஏறப் பனி முழங்காலுக்கு வந்தது, மத்தியானம் தாண்டிவிட்டது, பனிப்புகார் மூடி முன்னால் போகிறவனின் முதுகு மட்டும் தெரிகிறது. வழிகாட்டி ஒருத்தன், ரப்பர் சப்பாத்து, பேர் சொல்லவில்லை. சீலன் கடைசியில். ஒரு இடத்தில் குந்தி இருந்துவிட்டான். சப்பாத்தைக் கழற்ற முடியவில்லை, கால் அதற்குள் நிரம்பியிருந்தது. நான் திரும்பிப் போய் அவன் கக்கத்துக்குள் தோளைக் கொடுத்து இருபது அடி நடத்தினேன், பிறகு இரண்டு பேருமாக விழுந்தோம். வழிகாட்டி வந்து காலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மரங்களுக்குள் வைக்கோல் அடைத்த ஒரு பலகைக் கொட்டில் இருந்தது, அதைக் காட்டினான். சீலனை உள்ளே கொண்டுபோய் இருத்தினோம். வழிகாட்டி உள்ளங்கையைக் கீழே காட்டி ஒரு சொல் சொன்னான். செக்காய். சீலன் என்னைப் பார்த்து, என்னவாம் என்றான். எங்களுக்குள் அந்தப் பாஷை கொஞ்சமாவது தெரிந்தவன் என்று பேர் எடுத்தவன் நான். இதில இருக்கட்டாம், எங்களைக் கொண்டுபோய் அங்கால விட்டிட்டுத் திரும்பி வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போவானாம் என்றேன். அவன் சொன்னது ஒரு சொல். மிச்சம் முழுக்க நான் சொன்னது. நானும் வருவன் என்றும் சொன்னேன், அதையும் நான்தான் சொன்னேன். சீலன் முகத்தில் சந்தேகம் ஒன்றும் இல்லை. நீ போ, நான் பாத்துக்கொண்டிருக்கிறன் என்றான். வைக்கோலைக் காலுக்கு மேல் இழுத்துப் போட்டான். நான் கதவைச் சாத்தினேன், காற்று அடிக்கும் என்று. இரண்டு மணித்தியாலம் நடந்து முகட்டுக்கு வந்தபோது வழிகாட்டி கீழே ஒரு வெளிச்சத்தைக் காட்டிவிட்டு, வந்த வழியால் இல்லாமல் இடது பக்கத்தால் இறங்கிப் போனான். வேறு பக்கம். அதை நான் கண்டேன். மற்ற ஏழு பேரும் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் ஒருத்தன்தான் அவன் போன திசையைக் கண்டேன். எங்கள் அடித்தடம் பின்னால் இருந்தது, இன்னும் மூடவில்லை. களைத்துப் போனேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வது வழக்கம். எல்லாரும் களைத்துத்தான் இருந்தார்கள். நான் கீழே இறங்கினேன்.

அதோடு முடிந்திருந்தால் பயம் என்று சொல்லலாம். அடுத்த நாள் காலை சிலோவாக்கியாப் பொலிஸ் பிடித்தது, சூடான அறை, பாண், பழப்பாகு, ஆங்கிலம் தெரிந்த ஒரு அதிகாரி. வாசலில் நின்ற காவலாளி எங்களைக் காத்திருக்கச் சொன்ன சொல் என் காதில் சாகாய் என்று விழுந்தது. தமிழில் நீ சாகமாட்டாய். நித்திரை இல்லாத காது. அது சக்காய் என்று இரண்டாம் நாள்தான் பிடிபட்டது. அதிகாரி என்னைத்தான் கேட்டார், எத்தனை பேர் வந்தீர்கள். மேசையில் ஒரு ரேடியோ இருந்தது, அதில் சொன்னால் மலைக்கு அங்கால் உள்ளவர்களுக்குக் கேட்கும், ஒரு வாகனம் ஏறும். ஆனால் அங்காலிருந்து வந்தோம் என்று ஒப்புக்கொண்டால் அங்காலேயே திருப்பி அனுப்புவார்கள் என்று மற்ற ஏழு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இல்லை, அவர்களை இழுக்கக் கூடாது, அவர்கள் பார்த்தார்களோ இல்லையோ, வாய் என்னுடையது. எட்டு என்றேன். அவர் எட்டு என்று எழுதினார். ஆறு மாதம் கழித்து ஜெர்மனியில் முகாம் விலாசத்துக்கு அக்காவின் கடிதம் வந்தது, என் தாயிடம் விலாசம் வாங்கி எழுதியிருந்தா. தம்பி, நான் அவனைப் பாத்துக்கொண்டிருக்கிறன், உம்மட எழுத்துத்தான் எனக்குப் பழக்கம், ஒரு வரி போடும். போட்டேன். கியேவில் பிரிந்துவிட்டோம், அவன் வேறு ஆட்களோடு போலந்துப் பக்கம் போனவன் என்று எழுதினேன். போலந்து ஏன் வந்தது என்று தெரியாது, வரைபடத்தில் பக்கத்தில் இருந்தது. அன்றிலிருந்து அவ போலந்தில் தேடுகிறா. செஞ்சிலுவைக்கு, தூதரகத்துக்கு, பாதிரிமாருக்கு. வருடத்துக்கு இரண்டு மூன்று தரம் எனக்குப் போன் எடுப்பா, ஏதாவது அறிஞ்சீரோ தம்பி, இல்லை அக்கா, சரி தம்பி, பிள்ளையள் சுகமோ. ஒருநாளும் அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன், இல்லை, சொல்லியிருக்க மாட்டேன், இது களைப்பில் வரும் நினைப்பு.

கதவு முழுதாகத் திறந்தது. தீர்மானிப்பதற்குப் பத்து நிமிடம் தேவையாம், ஆர்த்தி வெளியே வந்து என் பக்கத்தில் இருந்தாள். வாங்கு லேசாக ஆடியது. அவள் நெற்றியில் மயிர் ஒட்டியிருந்தது.

"கேட்டனீங்களோ? அந்த மனுசி அடிக்குறிப்பைப் பிடிச்சிட்டா," என்றாள்.

"அவ சொல்லுறது சரி."

திரும்பிப் பார்த்தாள். நான் முன்னால் இருந்த அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். கொட்டில், செக்காய், நான் சேர்த்த மிச்சம், முகடு, எட்டு. ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை. இவ்வளவு சின்னதா என்று இருந்தது. சமையலறையில் அடுத்த முறைக்காரனுக்கு என்ன என்ன முடிந்தது என்று ஒப்படைப்பது போலத்தான் வந்தது. அவள் கையிலிருந்த ஆய்வேட்டை மூடி மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"அவருக்கு ஆக்கள் இருக்கினமோ?"

"ஒரு அக்கா."

"உயிரோட இருக்கிறாவோ?"

"ஓம். காரைநகரில."

"அப்ப ஏன் அப்பா எனக்குச் சொல்லுறியள்?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாததைக் கேட்பது போலக் கேட்டாள், அவளுடைய படிப்பு அவளுக்குப் பழக்கிய குரல் அது. உள்ளேயிருந்து பேர் கூப்பிட்டார்கள். எழும்பினாள், ஒரு கணம் என் தோளில் கை வைத்தாள், எடுத்தாள், உள்ளே போனாள். இந்த முறை கதவைச் சாத்தினார்கள்.

போனை எடுத்தேன். அங்கே காரைநகரில் பின்னேரம் நாலு மணி ஆகப்போகும். மூன்றாவது தரம் மணி அடிக்கும்போதே அக்கா எடுத்துவிட்டா. பின்னால் காகம் கத்துகிறது, யாரோ வாளியை நிலத்தில் வைக்கிறார்கள். தம்பியோ, என்ன இந்த நேரத்தில, சுகமோ என்றா. அக்கா, சீலன் போலந்துக்குப் போகேல்லை என்றேன். அதற்குப் பிறகு நிறுத்தினால் திரும்பத் தொடங்க முடியாது என்று தெரிந்தது, நிறுத்தவில்லை. கொட்டிலைச் சொன்னேன். வழிகாட்டி மற்றப் பக்கத்தால் இறங்கியதைக் கண்டேன் என்றும் சொன்னேன், எட்டு என்று சொன்னதையும் சொன்னேன், அதை விட்டுவிடலாம் என்று நாக்கு நுனியில் நின்றது, விடவில்லை. முடிந்த பிறகு இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன், திரையில் அழைப்பு நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒருநாளும் போகேல்லையோ, போலந்துக்கு?"

"இல்லை அக்கா."

"நான் பதினொரு கடிதம் எழுதினனான்," என்றா. பிறகு, "அண்டைக்கு என்ன திகதி?"

ஏன் என்று கேட்டேன். அவ சொன்னா, ஐயாவின்ர திவசத்துக்கு ஒரு நாள் இருக்கு, அம்மாவுக்கு ஒரு நாள் இருக்கு, இவனுக்கு ஒரு நாள் இல்லாமல் நான் என்னத்தைச் செய்யிறது. உயிரோட எங்கயாவது இருந்தானெண்டால், நான் சோறு படைச்சதுக்கு அவன் கோவிக்கமாட்டான். திகதியைச் சொல்லும்.

"தொண்ணூற்றேழு, பெப்ரவரி பதினெட்டு. செவ்வாய்க்கிழமை."

அவ எழுதும் சத்தம் கேட்கவில்லை, ஆனால் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே எழுதினா, தொண்ணூற்றேழு, பெப்ரவரி, பதினெட்டு. திதி பாக்கிறதுக்கு நேரமும் வேணும், ஐயர் கேப்பார் என்றா. எத்தினை மணி?

"நான் கடைசியாக் கண்டது மூண்டு மணிக்கு அக்கா."

"அதுக்குப் பிறகு எவ்வளவு நேரம் இருந்தான் எண்டு உமக்குத் தெரியாது."

"தெரியாது."

சரி என்றா. அப்ப மூண்டு மணியெண்டே எழுதுறன் என்றா.